டஸ்ட் ஒன்றுதான் மேல் என்று நினைத்தவள் நான்

நீ என்னிடமிருந்து ஒரு தவறைத் திருடினாய்.

தாளையும் எடுத்தாய், அதைப் பிறகு சொல்கிறேன். அடுத்தவர் எழுதிய தாளை எடுப்பவர்கள் எல்லா ஆபீசிலும் இருக்கிறார்கள். ஆனால் ஒருத்தி செய்த தவறை, அதற்காக அவள் பட்ட வெட்கத்தோடு சேர்த்து எடுத்து, மேடையில் தன் கதையாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியவளை உன்னைத் தவிர நான் பார்த்ததில்லை.

இதை வாசிப்பவர்களுக்கு நம்மைத் தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருக்கிறது. பன்னிரண்டு பேர் வேலை செய்கிறோம். எல்ல என்ற ஊரில் இருக்கிற ஹோட்டல்களுக்கும் பண்டாரவளை மரக்கறி மொத்த வியாபாரிகளுக்கும் கம்பியூட்டர் வேலை செய்து கொடுக்கிறோம். அவர்களுடைய புக்கிங்கும் பில்லும் ஓடுகிற கம்பியூட்டர் எங்கள் ஆபீசில் இல்லை. அது சிங்கப்பூரில் ஏதோ ஒரு பெரிய கட்டடத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய இயந்திரத்தை மென்பொருளால் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் சேர்வர் என்று தனிக் கம்பியூட்டர் மாதிரி வாடகைக்கு விடுகிறார்கள். அதைத்தான் கிளவுட் என்கிறோம்.

எந்த அளவுத் துண்டு வேண்டும் என்று நாங்கள் பட்டியலில் தெரிவு செய்ய வேண்டும். பட்டியலில் பெரியது, சின்னது, நல்லது, சுமார் என்று எழுதியிருக்காது. D4s_v5 என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே E8ds_v4. இப்படி நூற்றுக்கணக்கில். முதல் நாள் அந்தப் பட்டியலைத் திறந்தபோது மற்றவர்களெல்லாம் முகத்தைச் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை. எனக்கு அது பழக்கமான எழுத்து மாதிரி இருந்தது. அங்கேதான் விழுந்தேன்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பதினொரு மாதம் நான் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, சாக்கு நிரப்பும் பகுதியில். தூள் நிரப்பித் தைத்த காகிதச் சாக்கின் மேல் வெட்டெழுத்துத் தகட்டை வைத்து, மை தோய்த்த பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தோட்டத்தின் பெயர், எடை, நடுவில் தூளின் தரம். BOP, BOPF, FBOP, OP, OP1. ஒரு எழுத்து மாறினால் சாக்கு கொழும்பு ஏலத்திலிருந்து திரும்பி வரும், தொழிற்சாலையை நடத்துகிற டீமேக்கர் என் மூஞ்சிக்கு நேராகக் கத்துவார். அதனால் எழுத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுமளவுக்குப் படித்தேன். F முன்னால் வந்தால் ஒரு பொருள், பின்னால் வந்தால் வேறு பொருள். கடைசியில் EX SP என்று நீண்டால் பொன் நிறத் துளிர் நிறைய இருக்கிறது, விலை கூட. ஒன்று என்ற இலக்கம் வந்தால் மேல். டஸ்ட் என்று கடைசியாகச் சலிக்கிற பொடித்தூளிலும் சாதா டஸ்டை விட டஸ்ட் ஒன்று மேல். ஒன்றுக்கு மேலே எதுவும் இல்லை. இது என் மண்டையில் அல்ல, கையில் ஏறியிருந்தது.

உனக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நீ பதுளைக் கடைத்தெருவில் மூன்று தலைமுறையாகத் துணிக்கடை வைத்திருப்பவர்களின் மகள். கடைக்கு மேலேயே வீடு. ஐந்து நிமிடம் நடந்தால் ஆபீஸ். நான் பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கப் போகிறாள். நான் காலையில் தேயிலைச் செடிகளுக்குள்ளே இறங்கி ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்து வந்து சேரும்போது என் பாவாடை பனியில் முழங்கால் வரைக்கும் ஈரமாக இருக்கும். நீ உலர்ந்த செருப்போடு உட்கார்ந்திருப்பாய். உன் செருப்பைப் பார்த்து நான் எரிந்த நாட்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஆபீசை நடத்துகிற சேர் உன்னிடம், “நீங்க இங்க உக்காருங்க” என்றார். என்னிடம், “நீ அந்தப் பக்கம் இரு” என்றார். அவர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு உங்கள் கடையில்தான் உடுப்பு எடுக்கிறார், நாக்கு தானாக அப்படிப் போயிருக்கும். ஆனால் அந்த ஒரு ‘ங்க’வுக்காக நான் ஒரு வருடம் பொறாமைப்பட்டேன். உன் ஆங்கிலத்துக்காகவும் பட்டேன். ஹோட்டலில் இருந்து வெள்ளைக்காரர் போன் எடுத்தால் நீ நகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவாய். நான் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, வேர்த்துக்கொண்டு வாசிப்பேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், கடைசியில் நீ சொல்வாய், அவளுக்குப் பொறாமை என்று. நான் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

சேர்ந்த இரண்டாவது மாதம். எல்லவில் ஒரு ஹோட்டலின் புக்கிங் வேலையைக் கிளவுடுக்கு மாற்றினோம். இயந்திரத்தைத் தெரிவு செய்யும் வேலை எனக்கு வந்தது. D4s_v3, D4s_v4, D4s_v5 என்று மூன்று கிடந்தன. நான் யோசிக்கவே இல்லை. v3 எடுத்தேன். பட்டியலில் v1 இருந்திருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன்.

மூன்று வாரம் அந்த ஹோட்டல்காரர் எடுத்ததற்கெல்லாம் போன் பண்ணினார். அறை காலியா என்று பார்க்கவே திரை சுற்றிக்கொண்டு நிற்கிறது என்றார். சேர் திரையில் அந்த இயந்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு எழுந்து நின்று கேட்டார்.

“யாரு இந்த v3 எடுத்தது?”

“நான்தான் சேர்.”

“ஏன்? v5 இருக்கே. அதுவும் அதே வெலதான?”

“இலக்கம் சின்னதா இருந்தாத்தான சேர் தரம் கூட? டஸ்ட் ஒண்ணு மாதிரி...”

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நீதான் ஆரம்பித்தாய். “ஐயோ சேர், அவ தேயில வாங்க வந்திருக்கா! ஒரு கிலோ கட்டிக் குடுத்து அனுப்புங்க!”

பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் சிரித்தார்கள். சேரும் சிரித்தார். v என்பது தலைமுறை என்று, இலக்கம் கூடக் கூடப் புதிய இயந்திரம் என்று, சிரித்து முடித்த பிறகுதான் சொன்னார். நான் தலையாட்டினேன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் டஸ்ட் ஒண்ணு. வைத்தவள் நீ. “டஸ்ட் ஒண்ணு, இங்க வாடி.” “டஸ்ட் ஒண்ணு வந்தாச்சு, கேத்தல அடுப்புல வைங்க.” நான் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன் என்பது உனக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

அழுது முடித்த பிறகு எனக்குக் கோபம் வந்தது. தேயிலை தெரிந்ததால்தானே தவறு வந்தது, அதே தேயிலையை வைத்து இதைப் படித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன். பழைய கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டேன். இடது பக்கம் சாக்கில் அடிக்கும் எழுத்துகள். வலது பக்கம் இயந்திரப் பெயர்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் உன் மேசையைச் சுற்றி உட்கார்ந்து உங்கள் வீட்டுக் கத்தரிக்காய்ப் பொரியலைப் பங்கு போட்டபோது, நான் போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஆங்கில விளக்கத்தை வரி வரியாக வாசித்தேன். நான்கு நாள் ஆனது.

முதல் பெரிய எழுத்து, இயந்திரம் எந்த வேலைக்கு என்று சொல்கிறது. D என்றால் பொதுவான வேலை. E என்றால் நினைவகம் கூட. F என்றால் கணக்குப் போடுகிற வேகம் கூட. B என்றால் பெரும்பாலும் சும்மா கிடந்துவிட்டு இடையிடையே மட்டும் ஓடுகிற வேலைக்கு. அடுத்து வரும் இலக்கம் எத்தனை செயலி என்று. D4 என்றால் நான்கு. இங்கே இலக்கம் கூடினால் பெரியது. அதன் பிறகு வரும் சின்ன எழுத்துகள்தான் ஆட்களை ஏமாற்றும். சாக்கில் எழுத்து நீண்டால் விலை உயர்ந்த தூள். இங்கே எழுத்து நீண்டால் உயர்வு என்று அர்த்தமில்லை, சில சமயம் குறைவு என்று கூட அர்த்தம். l வந்தால் நினைவகம் குறைவு. s வந்தால் வேகமான சேமிப்புத் தட்டைப் பூட்டலாம். d வந்தால் உள்ளேயே ஒரு தட்டு இருக்கிறது, ஆனால் இயந்திரத்தை முழுதாக நிறுத்தினால் அதில் வைத்தது போய்விடும். p வந்தால் செயலியே வேறு இனம், பழைய மென்பொருள் அதில் ஓடாமல் போகலாம். கடைசியில் v. அதற்கு நேரே சிவப்புப் பேனையால் எழுதினேன்: “டஸ்ட் ஒன்று மாதிரி இல்லை. இங்கே ஒன்று என்றால் பழசு.”

தாளின் அடியில் இன்னொன்றும் எழுதினேன். சாக்கில் இருக்கும் எழுத்து இலையின் அளவையும் தோற்றத்தையும்தான் சொல்லும், ருசியைச் சொல்லாது, ஊற்றிக் குடித்துப் பார்த்தால்தான் தெரியும். இயந்திரமும் அப்படித்தான். பெயரை வைத்துத் தெரிவு செய், பிறகு வேலையை ஓட்டிப் பார்.

அந்தத் தாளை நான்காக மடித்து மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன். ஒரு மாதம் கழித்துப் பண்டாரவளை மரக்கறி வியாபாரி ஒருவருக்கு இயந்திரம் மாற்ற வேண்டி வந்தது. நம்முடன் வேலை செய்யும் ஓர் அண்ணன் D4ps_v5 தெரிவு செய்திருந்தார். விலை குறைவு என்று. நான் பின்னால் நின்று பார்த்தேன்.

“அண்ணே, அந்த p வேணாம். அவங்க பில் போடுற மென்பொருள் ரொம்பப் பழசு. அதுல ஏறாது.”

“ஒனக்கு எப்புடித் தெரியும்?”

தாளை எடுத்து விரித்தேன். சேர் வந்து பார்த்தார். ஒரு சோதனை இயந்திரத்தில் ஏற்றிப் பார்த்தார்கள். ஏறவில்லை. சேர் தாளை மேலிருந்து கீழே வாசித்துவிட்டு, “அட, இது நல்லா இருக்கே” என்றார். அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தையில் அன்றைக்கு பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்று போனதும் எனக்குத் தெரியவில்லை.

நீ பார்த்துக்கொண்டிருந்தாய். மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்தாய். அதுவரை நீ என் மேசைக்கு வந்ததே இல்லை.

“ஒன் எழுத்து அழகா இருக்குடி. ஒரு படம் எடுத்துக்கவா?”

நான் சந்தோஷப்பட்டேன். அதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் உண்மை அதுதான். உன்னிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது, அதைக் கேட்டு நீ நடந்து வந்திருக்கிறாய். தாளை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தேன். “கொஞ்சம் தூக்குடி, நெழல் விழுது” என்றாய். தூக்கினேன்.

பிறகு பண்டாரவளைக் கூட்டம் வந்தது. கொஸ்லந்த, எல்ல, ஹாலிஎல பக்கத்துத் தோட்டங்களில் உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு, இந்த மாதிரி வேலைகளும் இருக்கின்றன என்று சொல்லும் கூட்டம். நன்றாக நடந்தால் அங்கேயே சனிக்கிழமை வகுப்பு ஆரம்பிப்பதாக சேர் சொல்லியிருந்தார். எனக்கு அந்த வகுப்பு வேண்டும். இந்த ஆபீசில் வேறு எதையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. சேரிடம் போய்க் கேட்டேன்.

“சேர், நான் போறேனே.”

“நீ போனா சேர்வர யாரு பாக்குறது? அவங்க போகட்டும். அவங்களுக்குப் பேச்சு வரும்.”

அவங்க என்றால் நீ.

கூட்டத்தைப் போனில் நேரலையாகப் போட்டார்கள். நான் ஆபீசில் திரையில் சேர்வரைப் பார்த்துக்கொண்டே மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். உனக்குப் பின்னால் திரையில் என் தாள். அதே எழுத்துகள், நிறம் மட்டும் போட்டிருந்தாய். சரி, அதைக் கூடப் பொறுத்திருப்பேன். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்:

“தங்கச்சிமாரே, நான் வேலைக்கிச் சேந்த புதுசுல செஞ்ச கூத்தச் சொல்லவா? v மூணு, v நாலு, v அஞ்சுன்னு கெடக்கு. நான் என்னா செஞ்சேன்? டஸ்ட் ஒண்ணுதான மேலுன்னு v மூணப் புடிச்சி இழுத்திட்டேன்! ஹோட்டல்காரரு மூணு வாரமா ஏசுறாரு!”

மண்டபமே சிரித்தது. அன்றைக்கு என்னைப் பார்த்துச் சிரித்த மாதிரி இல்லை. உன்னோடு சேர்ந்து சிரித்தார்கள். எத்தனை பிள்ளைகள் அந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் இருந்தவளை இடித்தார்கள் என்று பார்த்தேன். அவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள், அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உனக்குக் கைதட்டினார்கள். நான் இருந்திருந்தால் எனக்குத் தட்டியிருப்பார்களா? தெரியாது. நான் அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன். வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் அதே கதையைச் சொல்லிப் பார்த்தேன். யாரையோ ஏசுகிற மாதிரி இருந்தது. அந்தப் பொறாமையும் சேர்ந்துகொண்டது. என் வாழ்க்கையில் நடந்ததை என்னை விட நீ நன்றாகச் சொல்கிறாய்.

அப்போது ஒரு பெண் பிள்ளை எழுந்து கேட்டாள். “அக்கா, நீங்க எந்தத் தோட்டம்?”

நீ மைக்கை மற்றக் கைக்கு மாற்றினாய். நான் பார்த்தேன். பிறகு சிரித்தாய். “நாம எல்லாருமே ஒரே தேத்தண்ணி குடிச்சி வளந்தவங்கதான தங்கச்சி!”

மறுபடியும் கைதட்டு. அந்தப் பிள்ளை பதில் கிடைத்துவிட்டதாக நினைத்து உட்கார்ந்தாள்.

அந்த வீடியோவை நான் பிறகு பதினொரு தடவை பார்த்தேன். நீ எங்கேயாவது பிழை விட்டிருக்க வேண்டும் என்று தேடினேன். கிடைத்தது. ஒருத்தி அந்தச் சின்ன s என்ன என்று கேட்கிறாள். தாளில் அந்த இடத்தில்தான் மடிப்பு விழுந்து மை உடைந்திருந்தது. நீ போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாய், பிறகு “அது ஸ்மோல், சின்ன மெஷின்” என்கிறாய். நான் தனியாக உட்கார்ந்து கைதட்டிச் சிரித்தேன். அது கேவலமான சந்தோஷம். ஆனால் அந்தப் பிள்ளை அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுபோனது.

மறுநாள் தேநீர் நேரத்தில் கோப்பை கழுவும் இடத்தில் உன்னை மறித்தேன்.

“அது நான் செஞ்ச தப்பு. நீ செஞ்சதா ஏன் சொன்ன?”

“அதுல என்னாடி இருக்கு? ஒன் பேரச் சொல்லி அத்தன பேரு முன்னால சிரிக்க வெச்சிருந்தா நல்லா இருந்திருக்குமா? ஒன்னயக் காப்பாத்தி விட்டிருக்கேன், நீ என்னமோ சண்டைக்கி வாற.”

“தாள்?”

“தாள்ல பேரா எழுதி வெச்சிருந்த?”

கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாய். இரண்டு நாள் நான் குழம்பிப்போய் இருந்தேன். ஒருவேளை காப்பாற்றத்தான் செய்தாளோ என்று கூட யோசித்தேன். பிறகு சேர் எல்லாரையும் கூப்பிட்டு, சனிக்கிழமை வகுப்பு உறுதி, பண்டாரவளையில், நடத்துவது நீ என்றார். எல்லாரும் கைகொடுத்தார்கள். நான் அவருடைய அறைக்குள் போய் அது என் தாள், என் தவறு என்றேன்.

“யாரு எழுதினா என்னா, ஆபீஸ் வேலதான? ஒனக்கு அவங்க மேல பொறாம. அதக் கொறச்சிக்க.”

பொறாமைதான். குறையவில்லை. ஆனால் பொறாமைப்படுகிறவள் சொல்வது பொய் என்று யார் சொன்னது?

நீ அந்தத் தவறைச் செய்திருக்கவே முடியாது. அதைச் செய்வதற்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பதினொரு மாதம் சாக்கில் மை தேய்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படித் தேய்க்கிற ஒருவரோடு ஒரே அறையில் சாப்பிட்டு வளர்ந்திருக்க வேண்டும். உன் கண்ணுக்கு அந்தப் பட்டியல் முதல் நாளே வெறும் எழுத்துக் குப்பையாகத் தெரிந்தது, நீ யாரிடமோ கேட்டு v5 எடுத்தாய், தப்பித்தாய். சனிக்கிழமை உன் முன்னால் வந்து உட்காரப் போகிறவர்கள் அப்படித் தப்பிக்க மாட்டார்கள். v3 எடுப்பார்கள். எடுத்துவிட்டு, தோட்டத்து மண்டை என்று தங்களையே ஏசிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் இதே தவறைச் செய்துவிட்டு அதே தேயிலையை வைத்துக் கரையேறினவள் தோட்டத்தில் இருந்து வந்த ஒருத்தி என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். கடைத்தெருக்காரி ஒருத்தி வேடிக்கைக்குச் சொன்ன கதை அவர்களுக்கு எதற்கு?

இதை எல்லாரும் வாசிக்க எழுதிப் போடப்போவதாக நேற்று உன்னிடம் சொன்னேன். பின்னேரம் போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாய். “வாடி, தனியாப் பேசிக்கலாம். வேணும்னா ரெண்டு பேருமா வகுப்பு எடுப்போம்.” தனியாகப் பேச எனக்கு எதுவும் இல்லை. தனியாகச் சொல்ல வேண்டியதையெல்லாம் நீ கோப்பை கழுவும் இடத்திலேயே சொல்லி முடித்துவிட்டாய். பாதி வகுப்பும் எனக்கு வேண்டாம்.

சனிக்கிழமை நான் பண்டாரவளைக்கு வருகிறேன். சேர்வரை யாராவது பார்த்துக்கொள்ளட்டும். எந்தத் தோட்டம் என்று அன்றைக்குக் கேட்ட பிள்ளை வருவாள், சேர் வருவார், நேரலையும் போடுவார்கள். நான் நடுவில் எழுந்து கேட்பேன். எனக்குச் செய்தி அனுப்பாதே, உன் அப்பாவை விட்டுப் பேசச் சொல்லாதே, சிரித்து மழுப்பாதே. மைக்கைப் பிடித்து, அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்: v3 எடுத்தது யார்?